பூஜையில் வைத்த ஈயக்கட்டி

1

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, என் கார் ஷெட்டில் உருகிய ஈயம் சட்டியிலிருந்து கூரை வரை தெறித்தது. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, கைக்குத் தோலுறை, மேலே தடித்த ஏப்ரன் எல்லாம் போட்டிருந்ததால் கழுத்தில் ஒரு கொப்புளத்தோடு தப்பித்தேன். கொப்புளம் ஆறிவிட்டது. அந்தக் காலையில் தொடங்கிய கலக்கம் மட்டும் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை முதலிலிருந்து எழுதினால்தான் விளங்கும்.

நான் நாமக்கல்காரன். அப்பாவுக்குச் சேலம் ரோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறை இருந்தது. நான் அமெரிக்கா வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலை. தலைமுடி அளவு பிசகு இருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வேலை என் குணத்துக்குப் பொருந்திவிட்டது. உடன் வேலை செய்பவர்கள் சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போவார்கள். அவர்களோடு போய் ஒரு பழைய ரிவால்வர் வாங்கினேன். கொஞ்ச நாளில் எனக்குச் சுடுவதைவிட அதற்கான தோட்டாவைச் செய்வதுதான் பிடித்துப்போனது. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பது, சுட்டுத் தீர்ந்த பித்தளை உறையில் மறுபடி வெடிமருந்து அளந்து போட்டுக் குண்டைப் பொருத்துவது. இங்கே நிறையப் பேர் வீட்டில் செய்யும் பொழுதுபோக்கு அது.

போன தடவை ஊருக்கு வந்தபோது பரமத்தி வேலூரில் சித்தப்பா மகன் செந்திலிடம் இதைச் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, தோட்டாவ நீங்களே ஊட்ல செய்யறீங்களா?"

"ஆமாப்பா."

"போலீஸ்ல எழுதிக் குடுக்கோணுமுங்களா?"

"சொந்த உபயோகத்துக்குன்னா அங்க லைசென்ஸ் கேக்கறதில்ல."

"நல்ல ஊருங்க. எங்கப்பா அந்தத் துருப்புடிச்ச ஒத்தக்குழல் துப்பாக்கியத் தூக்கிட்டு ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஸ்டேஷன்ல போயி ஒப்படைச்சுட்டு, அப்பறம் அதத் திருப்பி வாங்கறதுக்கு நடையா நடப்பாரு. நீங்க என்னடான்னா தீவாளிக்கு முறுக்குச் சுடறாப்பல உக்காந்து தோட்டா சுடறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி பூங்கொடி சிரிக்கவில்லை. அவள் ராசிபுரத்துக்காரி. இந்த வேலை அவளுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. ஆனாலும் என் வேலையில் எதற்கும் கை கொடுக்காமல் இருந்ததும் இல்லை.

2

என் முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். பின்னால் வருவதற்கு அது தேவைப்படும்.

ஈயம் டயர் கடைகளில் கிடைக்கும். சக்கரத்தின் எடையைச் சமன் செய்ய விளிம்பில் மாட்டும் சின்ன ஈயத் துண்டுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாமக்கல்லில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். அவற்றை வாங்கி வந்து முதலில் உருக்கிக் கசடு எடுத்துச் சின்னச் சின்னக் கட்டிகளாக ஊற்றி அடுக்கி வைப்பேன். குண்டு வார்க்கிற நாளில் அந்தக் கட்டிகளை ஒவ்வொன்றாக மின்சாரச் சட்டியில் போடுவேன். கார் ஷெட்டின் கதவு முழுவதும் திறந்திருக்கும். ஆவியும் புகையும் வெளியே போக மின்விசிறி ஓடும். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் கூட இருக்காது. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் இறங்கினால் அது நொடியில் ஆவியாகி, மேலே இருக்கும் ஈயத்தை எல்லாம் தூக்கி அடிக்கும்.

மருந்து போடுவது இன்னொரு நாள். இரண்டையும் ஒரே நாளில் செய்வதில்லை. மேசை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். இரண்டு டப்பா இருந்தால் மருந்து மாறிப்போகும். எவ்வளவு மருந்து என்பதற்குக் கையேடு உண்டு. அதில் இருக்கும் குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். உறைகளில் மருந்து போட்டபின் அவற்றைத் தட்டோடு விளக்கின் கீழ் வைத்து, ஒவ்வோர் உறைக்குள்ளும் எட்டிப் பார்ப்பேன். ஒன்றில் மருந்து இரட்டிப்பாக விழுந்திருந்தால் ரிவால்வரே கையில் சிதறும். ஒன்றில் விழாமல் போயிருந்தால் குண்டு குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். அடுத்ததைச் சுடுபவனுக்கு அது எமன். பார்த்து முடிக்கும் வரை யாரோடும் பேச மாட்டேன். போன் அடித்தாலும் எடுக்க மாட்டேன்.

வேலை முடிந்ததும் கை, முகம், கழுத்து எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். அந்தச் செருப்பு ஷெட்டைத் தாண்டாது. சாப்பாட்டுப் பண்டம் ஷெட்டுக்குள் வராது. ஈயம் தோல் வழியாக அதிகம் போவதில்லை. வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் போகும்.

இதை எல்லாம் பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

3

மகள் நித்யா இங்கேயே பிறந்தவள். எங்களிடமிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு நகரத்தில் வேலை. கணவன் டேனியல், அந்த ஊர்ப் பையன். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துகொண்டே வந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படி மேசைக்கடியில் ஒளிவது என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அப்படி வளர்ந்தவளிடம் என் ரிவால்வரை ஒரு பொழுதுபோக்கு என்று எவ்வளவு சொன்னாலும் எடுபடவில்லை. சண்டை போட மாட்டாள். வராமல் இருப்பாள், அவ்வளவுதான்.

இந்த வருடம் அவள் கர்ப்பம். நான்காவது மாதத்தில் போன் செய்தாள்.

"அப்பா, உங்க லெட் வேலைய, அந்த ஈயம் உருக்கறத நிறுத்தச் சொல்லல. ஆனா பேபி வந்தப்புறம் அந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னா, எனக்கு ஷூரா தெரியணும். வயித்துல இருக்கறப்பவே அது குழந்தைக்குப் போகும். மூளை வளர்ச்சியப் பாதிக்கும். நான் படிச்சேன்."

"வீட்டுக்குள்ள ஒரு துளி வராதும்மா. நான் கேரண்டி."

"நீங்க கேரண்டின்னு சொன்னா நான் நம்புவேன்ப்பா. நீங்க அளவுல தப்பு பண்ண மாட்டீங்க."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் ஆயுத பூஜைக்கு வந்தாள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பண்டிகைக்கு வந்திருக்கிறாள். பூங்கொடிக்குக் கால் தரையில் இல்லை. இந்தியக் கடையில் வாழையிலை, பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சின்னதாக ஒரு வெள்ளைப்பூசணி என்று வாங்கிக் குவித்தாள்.

பட்டறைகளில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தீபாவளியை விட்டாலும் அதை விட மாட்டார்கள். சுத்தியல், ஸ்பேனர், துளை போடும் மெஷின், வெல்டிங் செட் எல்லாவற்றையும் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் பொரியை மலைபோலக் கொட்டிப் படைப்பார்கள். கற்பூரம் காட்டியதும் அந்தப் பொரியில் ஆளுக்கு இரண்டு கை. பெயிண்ட் வாசமும் கிரீஸ் வாசமும் சேர்ந்த பொரி. எனக்கு அந்த வாசம் இல்லாத பொரி பொரியாகவே தோன்றாது.

பூங்கொடி அன்று வீட்டுக் கூடத்தில் இலை விரித்து அப்படியே படைத்திருந்தாள். என் அளவுக் கருவிகள், என் லேப்டாப், நித்யாவின் லேப்டாப், டேனியலின் கார் சாவி. அவற்றோடு என் குண்டு வார்க்கும் அச்சு, ஈயம் மொள்ளும் கரண்டி, நான்கைந்து ஈயக்கட்டிகள். எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. நடுவில் பொரியும் கடலையும்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிடிக்காத என் வேலையையும் ஒரு தொழிலாக மதித்துச் சாமி முன்னால் வைத்திருக்கிறாளே என்று மனம் குளிர்ந்தது. வேறு எந்த எண்ணமும் வரவில்லை.

"சாப்புடுங்க சாமி," என்று டேனியலுக்கு இரண்டு கை அள்ளிக் கொடுத்தாள்.

டேனியல் நித்யாவிடம் ஆங்கிலத்தில் கேட்டான். "படத்தில் இருப்பவரும் சாமி, நானும் சாமியா?"

"அம்மாவுக்கு நாய்க்குட்டியும் சாமிதான். ரொம்பப் பெருமைப்படாதே," என்றாள் நித்யா. அவள் மடியில் ஒரு கிண்ணம் பொரி. "அம்மா, நாலு மாசமா எதைத் தின்னாலும் குமட்டுது. இது மட்டும் இறங்குது."

"தின்னு கண்ணு. மிச்சத்த டப்பால போட்டுத் தாரேன், கொண்டுட்டுப் போ."

அன்று மாலையே இருவரும் கிளம்பினார்கள். டப்பாவையும் கொண்டு போனாள்.

4

மறுநாள் காலை நான் குண்டு வார்க்க உட்கார்ந்தேன். பூங்கொடி சாமான்களை எல்லாம் பழையபடி ஷெட்டில் அடுக்கியிருந்தாள். ஈயம் நன்றாக உருகியிருந்தது. அடுக்கின் மேலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் போட்டேன். அதுதான் நான் முதலில் சொன்ன தெறிப்பு.

சட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கழுத்துக் காயத்தைக் கழுவிவிட்டு வந்து, மிச்சக் கட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். ஈயம் ஆறும்போது கட்டியின் மேல்பக்கம் சுருங்கிச் சின்னப் பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களில் மஞ்சளும் சந்தனமும் ஈரத்தோடு தேங்கியிருந்தன. எனக்கு முதலில் வந்தது கோபம்.

"பூங்கொடி, இதுல தண்ணி தெளிச்சியா?"

"பூஜைக்குத் தெளிக்காம பின்ன? எதுக்குங்க கேக்கறீங்க? கழுத்துல என்னங்க அது?"

"ஈரக்கட்டிய ஈயத்துல போட்டா வெடிக்கும்னு எத்தன தடவை சொல்லியிருக்கேன்?"

"நான் எதையும் போடலீங்களே. இலைல வெச்சு, பொரி கொட்டி, படைச்சு, துடைச்சு வெச்சேன்."

அவள் சொன்ன வரிசை என் காதில் விழுந்தது. இலையில் வைத்து, பொரி கொட்டி.

அந்தக் கரண்டியால்தான் கசடும் எடுப்பேன். கசடு என்பது மாவு போன்ற ஈயத் தூள். கரண்டியின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் எப்போதும் ஒட்டியிருக்கும். அதன் மேலேயே பொரி சரிந்து கிடந்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுப் பண்டம் ஷெட்டுக்குள் போகக் கூடாது என்று விதி போட்டவன், ஷெட்டு சாப்பாட்டுக்கு நடுவே வந்து உட்கார்ந்ததைக் கும்பிட்டுவிட்டு நின்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அவகிட்டச் சொல்லாதீங்க," என்றாள் பூங்கொடி. "வயித்துப்புள்ளக்காரி. பயந்துருவா. இனிமே இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டா."

"சொல்லாம எப்படி?"

"மாசா மாசம் ரத்தம் எடுக்கறாங்கல்லங்க. இருந்தா அதுலயே தெரியாதா?"

"அதுல ஈயம் பார்க்க மாட்டாங்க. கேட்டாத்தான் பார்ப்பாங்க. டப்பாவுல குடுத்துவிட்டியே, அதையும் அவ தின்னுட்டு இருப்பா."

பூங்கொடி போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

5

நித்யா குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் கரண்டி இலைல இருந்தத நீங்க பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன்."

"டப்பா காலைலயே காலி," என்றாள். பிறகு, "நான் டாக்டர்கிட்ட பேசிக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

அழுதிருந்தால், திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டேனியல் அன்று மாலை செய்தி அனுப்பினான். நித்யாவுக்கும் அவனுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். எங்கள் இருவரையும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாராம் டாக்டர். எடுத்தோம். பூங்கொடிக்கு எதற்கு என்று எங்கள் மருத்துவமனையில் கேட்டார்கள். கணவர் ஈய வேலை செய்கிறார் என்றதும் உடனே சீட்டு எழுதினார்கள். காப்பீட்டுக்காரர்களிடம் மட்டும் இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

முடிவுகள் வரும் வரை வீடு ஒரு மாதிரி இருந்தது. பூங்கொடி சமையலறையை மூன்று தடவை துடைத்தாள். கூடத்துத் தரைவிரிப்பைச் சுருட்டி வெளியே போட்டாள். நான் ஷெட்டைப் பூட்டிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஊரிலிருந்து செந்தில் வழக்கம்போல வீடியோவில் வந்தான். அவன் பின்னால் லாரி ஒன்று வாடிய பூமாலையோடு நின்றது.

"பூசை நல்லபடியா முடிஞ்சுதுங்களாண்ணா?"

"முடிஞ்சுதுப்பா," என்றேன்.

அன்றைக்கு எனக்கு வேறு ஒன்றும் தோன்றியது. அப்பாவின் பட்டறையில் லாரிக்கு அடித்த மஞ்சள் பெயிண்டிலும் ஈயம் இருந்திருக்கும். அந்தப் பொரியை நாங்கள் எத்தனை வருடம் தின்றோம். யாரும் எங்கள் ரத்தத்தை எடுத்துப் பார்க்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாய் வருகிறது. ஆகவில்லை என்று எப்படித் தெரியும்?

6

நித்யாவின் முடிவு முதலில் வந்தது. ரத்தத்தில் ஈயத்தின் எண் மிகக் குறைவு. கவலைப்பட வேண்டிய அளவுக்குக் கீழே. ஒரு தடவை தின்றதில் பெரிதாக ஏறியிருக்காது, அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம் என்று டாக்டர் சொன்னாராம். டேனியலுக்கும் ஒன்றுமில்லை. பூங்கொடி சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்தாள். நான் வெளியே போய்க் காருக்குள் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தால் அவர்களுக்குத் தகவல் போகுமாம். நான் என் எண்ணைக் கேட்கத் தயாராக இருந்தேன். என்னுடையது சற்றே கூடுதல், அவ்வளவுதான். அவர் பேசக் கூப்பிட்டது பூங்கொடியைப் பற்றி. அவளுடையது என்னுடையதைப் போலப் பல மடங்கு.

தவறாகப் பதிந்திருக்கும் என்றேன். அவள் ஈயத்தைத் தொடுவதே இல்லை என்றேன். நர்ஸ் பொறுமையாகக் கேள்விகளைக் கேட்டார். பூஜையைப் பற்றிச் சொன்னதும், "அப்படியானால் காரணம் மதச் சடங்கு என்று பதிகிறேன்," என்றார்.

"வேண்டாம். சடங்கு இல்லை. என் கரண்டி," என்றேன்.

"ஒரு நாள் சடங்கில் இவ்வளவு ஏறாது. இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஏறியது. வீட்டில் தூசு கிளம்பும் வேலை வேறு ஏதாவது செய்கிறாரா?"

போனைக் கையால் மூடிக்கொண்டு பூங்கொடியிடம் கேட்டேன்.

"தூசுன்னா? உங்க ஷெட்டக் கூட்டுவேன். ஏப்ரன உதறித் தொவைப்பேன். அப்பறம் அந்தத் தோட்டா கூடு புடைப்பேன்."

சுட்ட பித்தளை உறைகளைச் மக்காச்சோளச் சக்கையைப் பொடித்த தூளோடு ஒரு மெஷினில் போட்டு ஓடவிட்டால் பளபளக்கும். சுட்டபோது உள்ளே படிந்த ஈயம் எல்லாம் அந்தத் தூளுக்கு வந்துவிடும். அந்த வேலையில் அதைவிட மோசமான தூசு வேறு இல்லை. தூளையும் உறையையும் பிரிக்க மூடிபோட்ட உருளை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முகமூடி போட்டுத்தான் திறப்பேன். சில நாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் உறைகள் தனியாக, சுத்தமாக இருக்கும். பூங்கொடி உருளையைச் சுற்றி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

"எப்படிப் புடைப்ப?"

"மொறத்துலதானுங்க. அந்த உருளையச் சுத்திச் சுத்தி எப்ப முடியறது? உளுந்து புடைக்கறாப்பல நாலு தட்டுத் தட்டுனா தூளு பறந்துரும், கூடு நின்னுக்கும். அரிசிக்கு வேற மொறமுங்க. இது பழைய மொறம். கலந்துக்க மாட்டேன்."

"மூஞ்சிக்கு எதாச்சும் கட்டிக்குவியா?"

"உளுந்து புடைக்கறவ எவ மூஞ்சியக் கட்டுனா?"

நர்ஸ் மறுமுனையில் காத்திருந்தார். நான் சொன்னேன். அவருக்கு முறம் என்றால் என்ன என்று விளக்கினேன். மூங்கிலில் செய்த தட்டு, காற்றில் தூற்றுவது என்றேன். இந்தத் தடவை அவர் என்ன காரணம் பதிந்தார் என்று நான் கேட்கவில்லை.

பூங்கொடிக்கு மருந்து வேண்டாம், தூசை நிறுத்தினால் மெல்ல இறங்கும், எலும்பில் சேர்ந்தது இறங்க வருடங்கள் ஆகும் என்றார் டாக்டர். அவளுக்கு ஒரு வருடமாக இருந்த முழங்கை வலியும் தூக்கமின்மையும் வயசுக் கோளாறு என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், அச்சு, சட்டி எல்லாவற்றையும் அந்தந்த விதிப்படி அப்புறப்படுத்திவிட்டேன். ஷெட்டை ஈரத்துணியால் துடைக்க ஆள் வைத்து, தரையில் தூசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். நித்யாவிடம் அவள் அம்மாவின் எண்ணையும் அன்றே சொன்னேன். "சரிப்பா," என்றாள். அம்மாவிடம் தினமும் பேசுகிறாள். வருவதைப் பற்றிப் பேசுவதில்லை.

நேற்று சாப்பிட்டு முடித்துப் பூங்கொடி கை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமலே கேட்டாள்.

"ஏனுங்க, பாப்பா பொறந்தா நான் தூக்கலாமுங்களா?"

"தூக்கலாம். ரத்தத்துல இருக்கறது தொட்டா ஒட்டாது."

"நெசமாலுமா?"

"நிஜமா."

துண்டில் கையைத் துடைத்தாள். விரல்களை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எதுக்கும் நித்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

இன்னும் கேட்கவில்லை.